எவருக்கு எவ்வளவு?

1994 ஆம் ஆண்டு என்று நினைவு. கொழும்பில் ஒரு பொதுக் கம்பனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். அக்காலத்தில் அத்தகைய கூட்டங்களுக்கு நிருபர்கள் செல்வதற்குச் செய்தியைவிட, கூட்டம் முடிந்தபின் கிடைக்கும் தேநீரும் கட்லட்டுமே பெரிய காரணம். அரைமணி நேரத்தில் எல்லாம் நிறைவேறிவிடும். தலைவர் பேசுவார், கணக்கறிக்கை ஏற்றுக்கொள்ளப்படும், கணக்காய்வாளர் மறுபடி நியமிக்கப்படுவார். எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அன்று ஒருவர் கேட்டார். பின்வரிசையிலிருந்து தொப்பியணிந்த ஒரு முதியவர் எழுந்தார். கல்முனைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். அரச நிறுவனங்களை "மக்கள்மயப்படுத்தல்" என்ற பெயரில் தனியாருக்குக் கொடுத்த காலம் அது. பெரும்பாலான விற்பனைகளில் 60 சதவீதம் பெரிய முதலீட்டாளருக்கும், 30 சதவீதம் பொதுமக்களுக்கும், 10 சதவீதம் ஊழியர்களுக்கும் என்பது வழமை. பொதுமக்களுக்கான அந்தப் பங்கில் தமது ஓய்வூதியப் பணத்தில் கொஞ்சத்தைப் போட்டிருந்தார் மாஸ்டர். இரவு பஸ்ஸில் வந்திறங்கி, குளித்து, நேரே மண்டபத்துக்கு வந்திருந்தார்.

"முகாமைப் பணிப்பாளருக்கு ஆண்டுக்கு எவ்வளவு சம்பளம்?" என்பது அவருடைய கேள்வி. மரியாதையான ஆங்கிலத்தில்தான் கேட்டார். தலைவர் ஆண்டறிக்கையைப் புரட்டி, பணிப்பாளர்களின் வேதனம் இன்ன குறிப்பில் தரப்பட்டுள்ளது என்றார். அது எல்லாப் பணிப்பாளர்களுக்கும் சேர்த்த தொகை. "எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, எவருக்கு எவ்வளவு என்று கேட்டேன்" என்றார் மாஸ்டர். சட்டம் கேட்பதை நாங்கள் கொடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. சபையில் மெல்லிய சிரிப்பு. அவர் அமர்ந்துவிட்டார்.

தேநீர் வேளையில் அவரருகே போய் நின்றேன். என் பத்திரிகையின் பெயரைக் கேட்டுக்கொண்டபின் அவர் சொன்னது இன்றும் மனதில் நிற்கிறது. "தம்பி, எங்கள் வட்டை விதானையாருக்கு ஏக்கருக்கு எத்தனை மரைக்கால் நெல்லென்று எழுதப்படிக்கத் தெரியாத முல்லைக்காரனுக்கும் தெரியும். பள்ளி முஅத்தினுக்கு மாதம் எவ்வளவென்று ஜமாஅத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் பங்குக்காரன். என்னுடைய ஆளுக்கு நான் என்ன கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரியாது."

கிழக்குக் கரையை அறியாத வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்கவேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் ஊர்களுக்கு மேற்கே வயல்வெளி. வாய்க்கால் நீரைப் பகிர்ந்துகொள்ளும் வயல்பரப்பை வட்டை என்பார்கள். ஒரு வட்டையில் பல போடிமாருக்கும் சிறு விவசாயிகளுக்கும் காணி இருக்கும். நீரை முறைப்படி திறந்துவிடவும், வாய்க்கால் துப்புரவாக்கப்படுவதை மேற்பார்க்கவும், கால்நடைகள் புகாமல் பார்க்கவும் எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆள் வேண்டும். அவரே வட்டை விதானை. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானை முறைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தபோதிலும், கிழக்கில் அந்தப் பெயரும் பணியும் மறையவில்லை. அவருக்கான கூலி காணியின் அளவைப் பொறுத்து நெல்லாகக் கொடுக்கப்பட்டது. களவெட்டியில், எல்லோர் கண்முன்னும் அளக்கப்பட்டது. போகத்தின் தொடக்கத்தில் கூடும் விவசாயிகள் கூட்டத்தில் அவர் சரியாக நீர் விட்டாரா என்ற வாதம் எழும்போது, அவருக்கு என்ன கொடுக்கிறோம் என்பதும் கூடவே எழும்.

காணிக்காரர் பலர், நிருவகிப்பவர் ஒருவர். பொதுக் கம்பனியின் அமைப்பும் இதுதானே? மாஸ்டர் கண்டுபிடித்த ஒப்புமை பிழையென்று சொல்ல எந்தப் பொருளியலாளராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

அப்படியாயின் "சட்டம் கேட்பதை" எழுதியவர் யார்?

இலங்கையின் கம்பனிச் சட்டம் 1861 ஆம் ஆண்டின் கூட்டுப் பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டத்துடன் தொடங்குகிறது. கோப்பித் தோட்டங்களின் காலம். பின்னர் தேயிலையும் இறப்பரும் வந்தன. பங்குக்காரர்களில் பலர் இலண்டனிலும் ஸ்கொட்லாந்திலும் இருந்தனர். தோட்டங்கள் மலையில் இருந்தன. இரண்டுக்கும் நடுவே கொழும்புக் கோட்டையில் முகவர் இல்லங்கள் இருந்தன. தோட்டத்தை நிருவகிப்பதற்கு ஒரு கட்டணம், தேயிலை விற்றால் ஒரு தரகு, உரம் வாங்கினால் இன்னொரு தரகு என்று அவற்றின் வருமானம் பல வாய்க்கால்களில் வந்து சேர்ந்தது. தனிமனிதர் ஒருவரின் சம்பளம் என்று பிரித்துக் காட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை, கேட்பதற்கும் ஆளில்லை.

1938 இல் 51 ஆம் இலக்கக் கம்பனிகள் கட்டளைச் சட்டம் வந்தது. அதற்கு முன்மாதிரி பிரித்தானியாவின் 1929 ஆம் ஆண்டுச் சட்டம். பணிப்பாளர்களுக்குக் கொடுத்ததைப் பங்குக்காரர்முன் வைக்கவேண்டும் என்று அந்தப் பிரித்தானியச் சட்டம் கேட்டது உண்மை. ஆனால் மொத்தமாக வைத்தால் போதும். அதைவிட வேடிக்கை, முகாமைப் பணிப்பாளரின் சம்பளம் அந்த மொத்தத்துக்குள்ளும் வரவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அதிகம் பெறுபவர் எவரோ அவரே கணக்குக்கு வெளியே! பிரித்தானியா இந்த ஓட்டையை 1948 இல் அடைத்தது. எங்கள் 1982 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் பெரும்பாலும் அந்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தது. முப்பத்து நான்கு ஆண்டுத் தாமதம். அதற்குள் பிரித்தானியா 1967 இல் இன்னொரு படி ஏறி, தலைவருக்கு எவ்வளவு, மிகக் கூடுதலாகப் பெறும் பணிப்பாளருக்கு எவ்வளவு என்று தனித்துக் காட்டச் சொல்லிவிட்டது. நாம் அவர்கள் கழற்றிப்போட்ட சட்டையைத் தைத்து அணிந்துகொண்டோம்.

பெயர் சொல்லிச் சம்பளத்தை வெளியிடும் வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதுவும் எவரும் விரும்பிச் செய்ததல்ல. 1930 இல் பெத்லஹேம் ஸ்டீல் கம்பனி இன்னொரு கம்பனியைத் தன்னுடன் இணைக்க முயன்றபோது வழக்கு வந்தது. சாட்சியத்தின்போது, அதன் தலைவர் யூஜீன் கிரேஸ் 12,000 டொலர் சம்பளத்துக்கு மேலாக 1929 ஆம் ஆண்டுக்கு மட்டும் 16 இலட்சம் டொலருக்கு அதிகமாக ஊக்கத்தொகை பெற்றிருந்தது வெளிவந்தது. பங்குச் சந்தை சரிந்து, ஆலைகளில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரம். பங்குக்காரர்கள் அந்தத் தொகையை முதன்முதலாகப் பத்திரிகையில் படித்தார்கள். 1934 இல் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு அங்கு நிறுவப்பட்டபோது, உயர் அதிகாரிகளின் ஊதியம் கம்பனிகள் கட்டாயம் சமர்ப்பிக்கவேண்டிய விவரங்களில் ஒன்றாயிற்று. அதே ஆண்டின் வருமானச் சட்டத்தின்கீழ் 15,000 டொலருக்கு மேல் கம்பனிகளிடம் ஊதியம் பெறுவோர் பட்டியலும் பகிரங்கமாயிற்று. பத்திரிகைகளுக்கு விருந்து, உருக்காலைத் தலைவர்களோடு நடிகை மே வெஸ்ட்டும் அந்தப் பட்டியல்களில் இடம்பெற்றார்.

1992 இல் அந்த ஆணைக்குழு, முதல்வருக்கும் அவருக்கு அடுத்த உயர் அதிகாரிகளுக்கும் சம்பளம், ஊக்கத்தொகை, பங்கு உரிமை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போடவேண்டும் என்றது. 2006 இல் ஏன் அவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற விளக்கத்தையும் கேட்டது. 2010 ஆம் ஆண்டின் டொட்-பிராங்க் சட்டத்துக்குப் பின், சாதாரண ஊழியரின் சம்பளத்தைப்போல் முதல்வர் எத்தனை மடங்கு பெறுகிறார் என்ற விகிதமும் சேர்ந்தது. இதனாலெல்லாம் சம்பளம் குறைந்ததா? இல்லை. 1990களில் அது ஏறிய வேகம் எவரும் காணாதது. அடுத்த கம்பனிக்காரர் எவ்வளவு பெறுகிறார் என்று தெரிந்ததும் தனக்கும் அவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வட்டை விதானையின் நெல்லை எல்லோர் முன்னும் அளந்தது அதைக் குறைப்பதற்காக அல்ல. அளப்பது காணிக்காரரின் உரிமை என்பதற்காக.

பிரித்தானியாவில் திருப்பம் 1994 இல் வந்தது. மாஸ்டர் கொழும்பில் கேள்வி கேட்ட அதே காலம். தனியார்மயமாக்கப்பட்ட பிரிட்டிஷ் காஸ் கம்பனியின் முதல்வர் செட்ரிக் பிரவுணுக்குச் சம்பளம் ஒரேயடியாகச் சுமார் 75 சதவீதம் உயர்ந்தது. மறுஆண்டு பொதுக்கூட்டத்துக்கு வெளியே தொழிற்சங்கத்தார் செட்ரிக் என்று பெயரிட்ட ஒரு பன்றியைக் கொண்டுவந்து தொட்டியில் தீனி வைத்தார்கள். 1995 இல் கிரீன்பரி குழு அறிக்கை தந்தது: ஒவ்வொரு பணிப்பாளரின் ஊதியமும் பெயருடன் தனித்தனியே வெளியிடப்படவேண்டும். 2002 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் அதன்மீது பங்குக்காரர் வாக்களிக்கவும் வழிசெய்தன.

இந்தியாவின் பாதை வேறு. முகாமை முகவர் முறையின் கொள்ளை அங்கு பெரும் அரசியல் பிரச்சினையாக இருந்தபடியால், 1956 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படுத்தச் சொன்னதோடு நிற்காமல் உச்சவரம்பும் விதித்தது. நிருவாகத்திலிருப்போர் அனைவருக்குமான ஊதியம் இலாபத்தில் 11 சதவீதத்தைத் தாண்டலாகாது. முகவர் முறையே 1970 இல் ஒழிக்கப்பட்டது. 1974 ஆம் ஆண்டின் திருத்தம், குறிப்பிட்ட தொகைக்கு மேல் பெறும் ஊழியர்களின் விவரங்களைப் பெயருடன் பணிப்பாளர் அறிக்கையில் சேர்க்கச் சொன்னது. அந்த இணைப்பைத்தான் இந்தியப் பத்திரிகை நண்பர்கள் ஆண்டறிக்கையில் முதலில் புரட்டுவார்கள்! 2013 ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலிடப்பட்ட கம்பனிகளில் ஒவ்வொரு பணிப்பாளரின் ஊதியமும் நடுநிலை ஊழியரின் ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதையும் கேட்கிறது. ஆகவேதான் சன் தொலைக்காட்சிக் கம்பனியில் கலாநிதி மாறனும் காவேரி கலாநிதியும் 2020-21 நிதியாண்டில் தலா 87.50 கோடி ரூபா பெற்றார்கள் என்பதை உலகத் தமிழர் எல்லோரும் படிக்க முடிந்தது. அது கூடுதலா குறைவா என்று வாதிடலாம். வாதிடுவதற்கு ஓர் எண் இருக்கிறது.

இனி எங்கள் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். இது பிரித்தானிய வழியை விட்டு, பெருமளவு நியூசிலாந்தின் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றியது. அந்த நாட்டுச் சட்டம், ஆண்டறிக்கையில் "ஒவ்வொரு" பணிப்பாளரும் பெற்ற ஊதியத்தைச் சொல்லவேண்டும் என்கிறது. அதுமட்டுமல்ல, ஒரு இலட்சம் டொலருக்கு மேல் பெறும் ஊழியர் எத்தனை பேர் என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டவும் சொல்கிறது. எங்கள் சட்டத்தின் 168 ஆம் பிரிவில் பணிப்பாளர்களின் ஊதியமும் ஏனைய நன்மைகளும் என்று பன்மையில் நிற்கிறது. கம்பனிகள் அதற்கு மொத்தத் தொகை என்று பொருள்கொண்டன. கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையின் நிரற்படுத்தல் விதிகள் ஐயத்துக்கே இடம்வைக்கவில்லை: ஊதியக் குழுவின் உறுப்பினர் பெயர், ஊதியக் கொள்கை பற்றிய ஒரு கூற்று, நிறைவேற்றுப் பணிப்பாளருக்கும் நிறைவேற்றல்லாத பணிப்பாளருக்கும் கொடுத்த மொத்தத் தொகை, அவ்வளவே. வங்கிகளுக்கு மத்திய வங்கி 2007 இல் விதித்த பணிப்புரையும் முக்கிய முகாமைத்துவப் பணியாளரின் கூட்டுத்தொகையையே கேட்டது. 2023 இல் நிருவாக விதிகள் புதிதாக எழுதப்பட்டபோதும் மொத்தம் மொத்தமாகவே இருந்தது.

கடலைத் தாண்டி வந்த சட்டத்தில் "ஒவ்வொரு" என்ற சொல் மட்டும் கரையேறவில்லை. தற்செயலா, திட்டமா என்பது பற்றிக் கொழும்பில் பலவிதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். எதிர்த்தரப்பு நியாயம் ஒன்றையும் கேட்டிருக்கிறேன். அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

2006 முதல் 2008 வரையான காலம் நினைவிருக்கும். கொழும்பில் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் கப்பத்துக்காகக் கடத்தப்பட்ட காலம். வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டாலே குடும்பங்கள் நடுங்கின. ஒரு கம்பனிப் பணிப்பாளர் (அவரும் நம்மவரே) என்னிடம் சொன்னார்: "என் பெயருக்குப் பக்கத்தில் என் சம்பளத்தை அச்சிட்டால், என் பிள்ளையின் விலையை நானே அச்சிட்டதாகும்." இதற்கு அன்று எனக்கு மறுமொழி தெரியவில்லை.

இதே வாதம் 1935 இல் அமெரிக்காவிலும் எழுந்தது என்பதைப் பின்னரே படித்தேன். வருமான வரி செலுத்துவோர் தம் பெயர், முகவரி, வருமானம் ஆகியவற்றை இளஞ்சிவப்புத் தாளொன்றில் நிரப்பவேண்டும், அதை எவரும் பார்க்கலாம் என்று சட்டம் வந்தது. லின்ட்பேர்க்கின் குழந்தை கடத்திக் கொல்லப்பட்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. கடத்தல்காரருக்கு அரசாங்கமே முகவரி கொடுப்பதா என்று கிளர்ச்சி எழுந்து, நடைமுறைக்கு வருமுன்பே அந்த ஏற்பாடு நீக்கப்பட்டது. ஆனால் பொதுக் கம்பனி அதிகாரிகளின் ஊதியத்தை வெளியிடும் விதி நீக்கப்படவில்லை. தன் சொந்தப் பணத்தைச் சம்பாதிப்பவர் வேறு, பிறர் பணத்தை நிருவகிப்பதற்காகக் கூலி பெறுபவர் வேறு என்ற கோடு அங்கு வரையப்பட்டது. நாட்டில் போர் 2009 இல் முடிந்தது. அந்தப் பணிப்பாளரின் அச்சத்துக்கு அன்று இருந்த நியாயம் இன்று எவ்வளவு மிச்சம் என்று அவரிடமே கேட்க வேண்டும்.

கல்முனையில் பங்கு வைத்திருப்பவர் எத்தனை பேர், அவர்களுக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். பங்குச் சான்றிதழை வீட்டில் வைத்திருப்பவர் சிலரே. ஆனால் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடையில் நிற்கும் இளைஞனை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி ஒழுங்காகக் கட்டுபவராயின், 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி அவன் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகின்றன. அந்த நிதியின் பெரும்பகுதி அரச கடன்பத்திரங்களில் இருந்தாலும், ஒரு பகுதி கொழும்புப் பங்குச் சந்தையின் கம்பனிகளில் இடப்பட்டுள்ளது. ஆகவே அவன் அறியாமலே வங்கிகளுக்கும் பெருங் கம்பனிகளுக்கும் பங்குக்காரன். அவற்றின் முதல்வர்கள் பெறுவதில் அவனுடைய காசும் ஒரு துளி.

அந்த நிதியத்தை மத்திய வங்கி நிருவகித்து வந்த காலத்தில், 2024 இன் தொடக்கத்தில், மத்திய வங்கி ஊழியரின் சம்பளம் சில தரங்களுக்கு 70 சதவீதமளவில் உயர்த்தப்பட்ட செய்தி வெளிவந்தது. 2023 ஆம் ஆண்டின் புதிய மத்திய வங்கிச் சட்டம் கொடுத்த சுதந்திரத்தின்படியே செய்தோம், திறமையானவர்கள் நாட்டைவிட்டுப் போகிறார்கள் என்று விளக்கம் தரப்பட்டது. பொருளாதாரம் சரிந்து இரண்டு ஆண்டுகள். முந்திய ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதியத்தின் கடன்பத்திரங்களும் அகப்பட்டிருந்தன. பாராளுமன்றத்தில் பெரும் கூச்சல். அரச நிதி பற்றிய குழு அதிகாரிகளை அழைத்து விசாரித்தது. சரியோ பிழையோ, எண் வெளியே வந்தது. பொறுப்பானவர்கள் சபைமுன் வந்து நியாயம் சொல்ல வேண்டியிருந்தது. நிரற்படுத்தப்பட்ட கம்பனி ஒன்றின் முதல்வருக்கு அதே விகிதத்தில் உயர்ந்திருந்தால், அது மொத்தத் தொகைக்குள் கரைந்து போயிருக்கும்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு இன்னொரு முரண் உண்டு. வயல்களுக்கு மேற்கே ஹிங்குரானையில் 1997 இல் மூடப்பட்ட சீனி ஆலை, 2007 இல் கல்ஓயா பிளான்டேஷன்ஸ் என்ற கூட்டுக் கம்பனியிடம் சென்றது. 51 சதவீதம் அரசாங்கத்துக்கு, எஞ்சியது தனியாருக்கு. இது பங்குச் சந்தையில் இல்லாத கம்பனி. நிரற்படுத்தல் விதிகள் இதைத் தொடா. ஆனால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசுக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனியைப் பகிரங்க அதிகாரசபை என்று கொள்கிறது. ஆகவே கரும்புச் செய்கையாளர் ஒருவர் ஒரு விண்ணப்பம் எழுதி, ஆலையின் முதல்வருக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்கலாம். தனிப்பட்ட தகவல் என்று மறுத்தால் ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யலாம். பங்கே இல்லாத கரும்புக்காரருக்கு உள்ள இந்த வழி, பங்கு வாங்கிய மாஸ்டருக்கு இல்லை. சட்டத்துறையினர் எவரேனும் எனக்கு இதன் தர்க்கத்தை விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மாஸ்டர் காலமாகிப் பல ஆண்டுகள். சுனாமிக்கு முன்பே போய்விட்டார். சென்ற நோன்புப் பெருநாளுக்கு ஊர் போனபோது அவருடைய மகனைச் சந்தித்தேன். பங்குகள் இப்போது பிள்ளைகளின் பெயரில் மத்திய வைப்புத் தொகுதியில் இருக்கின்றனவாம். தடித்த ஆண்டறிக்கை தபாலில் வருவதில்லை. கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ள வேண்டும். அவர் இறக்கிக் காட்டினார். அழகான வண்ணப் படங்கள், பணிப்பாளர் ஒவ்வொருவரின் புகைப்படம், படித்த கல்லூரி, வகித்த பதவிகள், கலந்துகொண்ட கூட்டங்களின் எண்ணிக்கை எல்லாம் தனித்தனியே இருந்தன. கணக்குக் குறிப்புகளுக்கு வந்ததும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம். "பணிப்பாளர் வேதனம்" என்று ஒரு வரி. அதற்கு நேரே இரண்டு எண்கள், இவ்வாண்டுக்கு ஒன்று, சென்ற ஆண்டுக்கு ஒன்று.

"வாப்பா கேட்டது இதைத்தானே சேர்?" என்றார் மகன்.